வெள்ளைக்கரு உங்களுக்கு, மஞ்சள்கரு எங்களுக்கு

மாமா,

பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள். பாரைக் கருவாடு. எண்ணெயில் விழுந்ததுமே வாசம் வேலியைத் தாண்டி வந்துவிட்டது. அரிசி கழுவிக்கொண்டிருந்த நான் கையை உதறிவிட்டுக் குசினி யன்னலைச் சாத்தப் போனேன். கொண்டியில் கை வைத்த பிறகுதான் நினைவு வந்தது, இனி அதற்குத் தேவையில்லை என்று. நீங்கள் இருந்தபோது இந்த வாசம் வந்தால் நான் ஓடிப்போய் யன்னலைச் சாத்துவேன். நீங்கள் முன்னறையில் இருந்தபடியே குரல் கொடுப்பீர்கள். "சாத்தாத புள்ள. வாசத்துல உப்பு இல்லத்தானே."

இன்றைக்கு யன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டு உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாங்கேணியிலிருந்து பொலன்னறுவைக்கும் அதற்கு அப்பாலும் மீன் லொறி ஓட்டியவர் நீங்கள். மீன் இல்லாத சோற்றைச் சோறு என்றே கணக்கில் எடுக்கமாட்டீர்கள் என்று மாமி சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. மாமி இறந்துபோனா. அதற்குப் பிறகு உங்களுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வர மாங்கேணி தூரம். எங்கள் சித்தாண்டி என்றால் வீட்டு வாசலில் பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கலாம். கட்டாரில் வேலை செய்யும் உங்கள் மகன் போனில் கேட்டார், "அப்பாவ உன்னோட வச்சிருப்பியா?" என்று. நான் யோசிக்காமல் ஓம் என்றேன். யோசித்தது நீங்கள்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். மாப்பிள்ளையின் தகப்பன் அந்த வீட்டில் வந்து தங்குவது வழக்கமில்லை. ஒரே ஒரு பையோடு நீங்கள் வந்து இறங்கிய அன்று, கதிரையின் நுனியில் அமர்ந்து, "கொஞ்ச நாளைக்குத்தான் புள்ள" என்றீர்கள். அதை நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! தண்ணீர் வேண்டுமென்றால்கூட என்னிடம் கேட்காமல் நீங்களே எழும்பிப் போய் எடுப்பீர்கள். குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பீர்கள். நான் அதை உங்கள் நல்ல பழக்கம் என்று நினைத்தேன்.

முதலில் டொக்டர் மீன், இறைச்சி, பருப்பு எல்லாவற்றையும் மட்டாகச் சாப்பிடச் சொன்னார். புரதம் கூடினால் களைத்துப்போன சிறுநீரகத்துக்குப் பாரம் என்றார். மீனில்லாமல் வாழாத மனிதர் இதை எப்படித் தாங்கப் போகிறார் என்று நான் பயந்தேன். நீங்களோ அன்றைக்கே ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொண்டீர்கள். மற்றத் துண்டுகளை உங்கள் பேத்தி யாழினியின் பக்கம் தள்ளினீர்கள். "உங்கட அப்பாவுக்குச் சரியான மனக்கட்டுப்பாடு" என்று உங்கள் மகனிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் நம்பினார்.

பிறகு சிறுநீரகம் முழுதாகக் கைவிட்டது. இரத்தம் சுத்திகரிக்கும் மிசினில் உங்களைப் படுக்கவைத்தார்கள். அங்கே வேலை செய்த தாதி, நாங்கள் மிஸ் என்று கூப்பிட்ட அந்தப் பெண், உங்கள் கட்டிலருகே வந்து நின்று, "ஐயா, இனி நீங்க மீனும் முட்டையும் கூட்டிச் சாப்பிட வேணும்" என்றாள்.

உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "போன மாசம் வரைக்கும் குறை குறை எண்டு சொன்ன. இப்ப கூட்டு எண்டு சொல்லுறீங்க. எதைத்தான் நம்புற?"

அவள் சிரித்தாள். "ரெண்டையும் நம்புங்க ஐயா. அப்ப மிச்சமிருந்த கிட்னியக் காப்பாத்தக் குறைச்ச. இப்ப அந்த வேலைய மிசின் செய்யுது. ஆனா அது கழிவக் கழுவக்குள்ள உடம்புக்குத் தேவையான புரதத்தையும் கொஞ்சம் சேத்துக் கழுவிப்போடும். அதச் சாப்பாட்டாலதான் திருப்பிக் குடுக்க வேணும். இல்லாட்டி உடம்பு தன்ட சதையத் தானே திண்ணத் தொடங்கிரும்."

நான் இடையில் புகுந்து கேட்டேன். "பருப்பு, பயறு, கச்சான் கடலை குடுத்தாப் போதாதா மிஸ்?"

"அதெல்லாம் நல்ல சாமான்தான். உங்களுக்கும் பிள்ளைக்கும் தாராளமா எடுங்க. இவருக்கு மட்டும், அதுகளில இருக்கிற வேற சத்துகள் ரத்தத்துல தேங்கிப்போடும். கொஞ்சமா எடுக்கலாம். முட்டை வெள்ளை, பச்ச மீன், தோல் உரிச்ச கோழி, இதுகள முன்னுக்கு வையுங்க. கருவாடும் ரின்னில அடைச்ச மீனும் வேணாம். உப்பு."

கருவாடு என்றதும் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து அவளே இரங்கிவிட்டாள். "என்ன செய்யிற ஐயா. எனக்கும் கருவாடெண்டா உசிர்" என்றாள்.

உங்கள் மகன் இதைக் கேட்டுவிட்டு, ஊருக்கு வந்த ஒரு கூட்டாளியிடம் பெரிய பேணி ஒன்று கொடுத்து அனுப்பினார். புரதப் பவுடர். பேணியின் மேலிருந்த படத்தில் கையும் தோளும் திரண்ட ஒரு பெடியன் நின்றான். நீங்கள் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதக் குடிச்சா நானும் இப்பிடி வருவனா புள்ள?" என்று யாழினியிடம் கேட்டீர்கள். அவள் உங்கள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வரமாட்டீங்க அப்பப்பா" என்றாள். மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாப் பவுடரும் எல்லாருக்கும் சரிவராது, கேட்காமல் கொடுக்க வேண்டாம், முதலில் சட்டியில் இருப்பதைச் சாப்பிடட்டும் என்றாள்.

ஆனால் சட்டியில் இருந்தது உங்களுக்குள் போகவில்லை.

பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்ததும் நான் சோறு கறி ஆக்குவேன். உங்கள் சோற்றுக் கோப்பையில் மீனை வைத்துவிட்டு மற்ற வேலைக்குப் போவேன். திரும்பி வந்தால் கோப்பை வெறுமையாக இருக்கும். அப்படியிருந்தும் உங்கள் கன்னம் ஒடுங்கியது. கால் வீங்கியது. எழும்பும்போது சுவரைப் பிடித்தீர்கள். ஒருநாள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டொக்டர் உங்களிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார்: "புரதம் நல்லாக் குறைஞ்சிருக்கு. இவருக்குச் சாப்பாடு குடுக்கிறீங்களா?" அவர் குற்றமாகக் கேட்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் வரும்போது நீங்கள் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்த நாள் மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனவள், வாளியை மறந்து திரும்பி வந்தேன். நீங்கள் உங்கள் மீன் துண்டை எடுத்து, முள்ளை நீக்கி, யாழினியின் சோற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். அவள் கோப்பையை வாகாக நீட்டிக்கொண்டிருந்தாள். இது இன்றைக்கு நேற்றுத் தொடங்கிய பழக்கமில்லை என்று அவள் நீட்டிய விதத்திலேயே தெரிந்தது.

"என்ன மாமா இது?"

நீங்கள் கையை எடுக்கவில்லை. "சின்னப் புள்ள. வளருற வயசு."

"அவளுக்கு வேறயா இரிக்கி. இது உங்கட மருந்து மாமா. டொக்டர் என்ன சொன்னவர் எண்டு கேட்டதுதானே?"

"கேட்டன்."

"அப்ப ஏன் இப்பிடிச் செய்யிறீங்க? சாகவா பாக்கிறீங்க?"

கேட்டுவிட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன். யாழினி அழத் தொடங்கினாள். நீங்கள் அவளுடைய தலையைத் தடவிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். அதுவரை நீங்கள் என் முகத்தை நேரே பார்த்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

"இது உன்ட வீடு புள்ள. நான் வந்து ஒட்டிக்கிட்டு இரிக்கிற ஆள். அது ஒரு பக்கம். மற்றது, நான் கண்ணில்லாதவன் இல்ல. நீ என்னத்தத் திண்ணுறாய் எண்டு பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன்."

"நான் சாப்பிடுறன்தானே."

"எங்க சாப்பிடுறாய்? எனக்கொரு துண்டு, இவளுக்கொரு துண்டு. மறுகா நீ சட்டிக்குள்ள சோத்தப் போட்டு ஆணத்த வழிச்சுத் திண்ணுறாய். ஒருநாளாவது உன்ட கோப்பையில மீன் கிடந்து நான் காணல்ல. முந்தநாள் அடுப்படியில தலையப் புடிச்சுக்கிட்டுக் குந்தினயே, அதையும் கண்டன். ஆக்கிப்போடுறவள் வெறும் ஆணத்தோட கிடக்க, நான் மீனும் முட்டையுமா எப்பிடி முழுங்குற? தொண்டைக்குள்ள இறங்குதில்ல புள்ள."

வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடிய, சட்டியில் மிச்சமிருக்கும் மீன் குழம்பில் சோற்றைப் பிரட்டிச் சாப்பிடுவது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டா. என் தலைமுடி கொத்தாகக் கழன்றதையும், பாலர் பாடசாலையில் பிள்ளைகளோடு குனிந்து நிமிரும்போது கண் இருண்டதையும் நான் வெயிலின் மேல் போட்டுவிட்டிருந்தேன். என்னைப் பெற்றவர்களோ கட்டியவரோ கேட்காத ஒன்றை, கதிரையின் நுனியில் இருந்த நீங்கள் கேட்டீர்கள். நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருந்த யாழினி நான் அழுவதைக் கண்டு நிறுத்திவிட்டாள்.

நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். "எழும்பி உனக்கொரு கோப்பை எடு. நீ திண்டா நான் திண்ணுறன்."

அன்றிலிருந்து மூன்று கோப்பைகள் ஒன்றாக வைத்தோம். எல்லாருக்கும் பெரிய மீன் வாங்க வசதியில்லை. அதனால் யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்கத் தொடங்கினோம். ஓட்டமாவடியிலிருந்து சைக்கிளில் வரும் மீன்கார நானா ஹோர்ன் அடிக்கும் சத்தம் கேட்டால் நீங்கள் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல் படலைக்குப் போவீர்கள். பெட்டிக்குள் குனிந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள். "இது நேத்தையான்தானே நானா?" என்பீர்கள். அவர், "லொறிக்காரனிட்ட வித்துப் பிழைக்க ஏலாது" என்று தலையில் அடித்துக்கொண்டு அடியில் கிடக்கும் நல்லதை எடுப்பார். மணலை மீனோ கொடுவாவோ ஒரு துண்டு உங்களுக்கு. முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலி எனக்கும் யாழினிக்கும். முட்டை அவித்தால் வெள்ளைக்கரு உங்களுக்கு, மஞ்சள்கரு எங்கள் இருவருக்கும். பயறு அவித்து நானும் அவளும் காலையில் சாப்பிடுவோம். தயிர்ச் சட்டி வந்தால் நீங்கள் ஒரு கரண்டி மட்டும் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுவீர்கள். மஞ்சள்கருவை யாழினி விரும்பவில்லை. "அப்பப்பாவுக்கு வெள்ளை, எனக்கு மட்டும் ஏன் மஞ்சள்?" என்று சண்டை பிடித்தாள். "என்ட கிட்னி பழசு, உன்ட கிட்னி புதுசு. புதுசுக்கு மஞ்சள் குடுக்கலாம்" என்று விளக்கினீர்கள். அவள் அதைப் பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

முருகன் கோயில் திருவிழா வந்தபோதுதான் கொஞ்சம் இடறியது. ஊரே மச்ச மாமிசம் விலக்கியிருக்கும் நாட்களில் எங்கள் குசினியில் மீன் எப்படிச் சமைப்பது? நோயாளிக்குக் குற்றமில்லை என்று கோயில் ஐயரே சொன்னார். நீங்கள் கேட்கவில்லை. "சித்தாண்டியில இருந்துக்கிட்டு முருகன ஏமாத்துறதா?" என்றீர்கள். நான் மிஸ்ஸிடம் ஓடினேன். கடலையையும் பயறையும் இரவில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அவித்து, அதையும் வடித்துவிட்டு அளவாகக் கொடுக்கச் சொன்னாள். கொஞ்ச நாளைக்குத்தானே, கிளினிக்கில் இரத்தத்தைப் பார்த்துக்கொள்வோம் என்றாள். அப்படியே செய்தோம். தேர் இழுத்த அன்று நீங்கள் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரும் தடியும் இல்லாமல், வீதி முனை வரைக்கும் நடந்து வந்தீர்கள். கால் வீக்கம் வற்றியிருந்தது. உங்கள் கன்னத்தில் மறுபடி சதை விழுந்திருந்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் கடதாசியைப் பார்த்துவிட்டு, என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். "மருமகள் என்னோட குந்தித் திண்ணுறாள்" என்றீர்கள். அவருக்கு விளங்கவில்லை.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்பதையும் நீங்கள் எப்போதோ சொல்லாமல் விட்டிருந்தீர்கள். எப்போது விட்டீர்கள் என்று நான் கவனிக்கவில்லை.

புரதத்தால் இதயத்தைக் காப்பாற்ற முடியவில்லை மாமா. மிசினுக்குப் போவதற்காகச் சேட்டு மாற்றி, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று கதிரையில் சாய்ந்தீர்கள். நுனியில் இல்லை, நன்றாக முதுகு பதிய. நான் தேத்தண்ணியோடு வந்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். முகத்தில் வலி ஏதும் இல்லை. டொக்டர், நீண்ட நாள் நோயில் இதயமும் களைத்துவிடும் என்றார். நன்றாகப் பார்த்தீர்கள் என்றும் சொன்னார். அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்த்தவர்களின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. டொக்டர் சொன்னதை உங்களிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

உங்கள் மகன் போன மாதம் லீவில் வந்தார். முதல் நாள் கொடுவா வாங்கி ஆக்கினேன். அவருக்குச் சோறு போட்டேன், யாழினிக்குப் போட்டேன், பிறகு எனக்கும் போட்டு, ஒரு துண்டு மீனை வைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தேன். அவர் கையைச் சோற்றில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் அதுவரை அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. குறையாகப் பார்க்கவில்லை, பாவம், புதினமாகத்தான் பார்த்தார்.

யாழினி நிமிர்ந்து, "என்னப்பா, மீன் வேணுமா?" என்று கேட்டாள்.

"இல்ல மகள். அம்மாவும் எங்களோட இருந்து சாப்பிடுறா, அதுதான்."

அவளுக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. "பின்ன, அம்மா எங்க இருந்து சாப்பிடுற?" என்று கேட்டுவிட்டு, தன் மீனில் முள் எடுக்கத் தொடங்கினாள்.