பதினான்காவது கேள்வி

ஜூன் 9, திங்கள்

காலை எட்டரைக்கே வெயில் சுள்ளென்று. வேப்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சீட் காலியாகத்தான் இருந்தது, உட்கார முடியாது. மூ. தொல்லை. (என் சொந்த நோட்டில்கூட முழுசாக எழுத வெட்கம். யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும்.)

இன்று படிவம் 11. மொத்தம் 93. என் ஆய்வுக்கு கைடு மேடம் கேட்டிருப்பது 150.

சர்க்கரைக்கும் பி.பி.க்கும் இந்த ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரை வாங்குகிறவர்கள் கூடவே ஹோமியோபதி, சித்தா, நாட்டு மருந்து என்று வேறு என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை. ஒரு மேஜை, ஓடாத ஃபேன். ஒவ்வொருவரிடமும் முதலில் வாசிக்க வேண்டியது: "நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும். டாக்டரிடமும் சொல்ல மாட்டோம்." இப்போது மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

கேள்வி 14: இதை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் ஏன்? இன்று வந்த பதில்கள்:

– "அவரு கேக்கல, நா சொல்லல."
– "சொன்னா மாத்திர நோட்ட தூக்கி எறிவாரு."
– "ஆவாரம்பூவெல்லாம் ஒரு மருந்தாம்மா? அத போயி எதுக்கு சொல்றது?"
– ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவர் என்னையே திருப்பிக் கேட்டார்: "நீ உங்க வூட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுதான் செய்யறியா?"

பன்னிரண்டு மணிக்கு அஞ்சலை அக்கா. நாற்பத்தெட்டு வயது. பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் தேய்த்து எடுக்க வேண்டும். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வந்தாராம், வியாழக்கிழமை ரிசல்ட். நான் வாசிக்க ஆரம்பிப்பதற்குள் குனிந்து மெதுவாக, "தங்கச்சி, உங்கள நா பாத்தேன். சனிக்கெழம, ஜங்ஷன் கிட்ட ஹோமியோபதி டாக்டராண்ட."

எனக்கு மூஞ்சி செத்துவிட்டது. "ஆய்வு விஷயமா வந்தேங்க்கா" என்றேன்.

"ஆங், ஆங்" என்று சிரித்தார். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கேள்விக்கும் தயங்கவில்லை. கால் எரிச்சலுக்கு நாலு மாதமாக வெள்ளை உருண்டை, வேளைக்கு ஐந்து. எரிச்சல் பரவாயில்லை. சர்க்கரை மாத்திரை காலையில் போடுகிறார், ராத்திரி மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. டாக்டரிடம் சொல்லவில்லை. "உங்ககிட்ட சொல்றதுக்கு என்னா? நீங்களும் அங்க வர்றவங்கதான."

படிவத்தில் எழுதினேன்: ஹோமியோபதி எடுப்பதால் இரவு மாத்திரையை நிறுத்தியவர்.

வீட்டுக்குத் தேவை: துவரம்பருப்பு, சோப்பு, இசப்கோல்.

ஜூன் 11, புதன்

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணி டீ. ஆஸ்பத்திரி டாக்டருக்கு நல்ல மனநிலை. "தொண்ணூறு பேரக் கேட்டாச்சு. எனக்குப் பிரயோஜனமா ஒண்ணாவது கிடைச்சுதாம்மா உனக்கு?" எல்லோர் முன்னாலும் கேட்டார். நர்ஸ் சிரித்தாள். என்னை அங்கே யாரும் வேலை செய்கிறவளாகவே நினைப்பதில்லை. தாள் நிரப்புகிறவள், அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன். "ஒரு அம்மா ஹோமியோபதிக்குப் போயிட்டு ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டாங்க சார்."

"யாரு?"

"பேரு சொல்லக் கூடாது சார்."

"கால் போயிடும்மா அந்த அம்மாவுக்கு. ரகசியம் பாக்கறியா நீ?"

பெயரைச் சொல்லவில்லை. நோட்டு நம்பரைச் சொன்னேன். நம்பர்தானே என்று எனக்கு நானே சமாதானம் வேறு. அவர் உடனே டப்பாவிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்து, "ஓ, இந்தம்மாவா" என்றார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார், பாராட்டாக. அது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

அக்காவின் மேல் இருந்த அக்கறை கால்வாசி. முக்கால்வாசி என் கெத்து.

ஜூன் 12, வியாழன்

அனல் காற்று. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. படிவம் 4 மட்டும்.

அஞ்சலை அக்கா பத்து மணிக்கு வந்தார். மஞ்சள் பையில் கட்டாக மாத்திரை நோட்டுகள். என்னைப் பார்த்து, "தங்கச்சி, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். கதவு திறந்தேதான் இருக்கும். வரிசையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள்.

டாக்டர் குரல்: "ராத்திரி மாத்திரைய விட்டுட்டு சீனி உருண்டை தின்னுறியாமே? அது மருந்துன்னு எவன் சொன்னான்? நாளைக்கு கால எடுக்கணும்னு ஆனப்புறம் இங்க வந்து அழக் கூடாது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

 அக்கா கதவு வழியாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மடியில் என் கைப்பை. அதற்குள் அதே ஹோமியோபதி டாக்டர் கொடுத்த அதே சின்ன பாட்டில். 'இதோ இந்த மேடமும் அங்கதான் வர்றாங்க' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அப்போதே வேப்பூர் பஸ் ஏறியிருப்பேன்.

சொல்லவில்லை. நோட்டுகளைப் பையில் திரும்ப அடுக்கினார்.

"எங்கம்மா போற? உட்காரு."

"போயிட்டு வரேன் சார்."

மாத்திரை வாங்காமலேயே போய்விட்டார். நான் குனிந்து படிவத்தில் என்னவோ எழுதுகிற மாதிரி இருந்தேன். எழுதியது: வியாழன் வியாழன் வியாழன்.

மதியம் மாத்திரை கொடுக்கிற ஜோசப் அண்ணன் வந்து, "என்னாம்மா, அந்தம்மா வெறுங்கையா பூட்டுது?" என்றார். அவர் சொல்லித்தான் தெரிந்தது. அது ஏழு பேருடைய நோட்டு. கம்பெனியில் லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை என்பதால் மாதம் ஒருத்தி மட்டும் வருவாள், அது எப்போதும் அஞ்சலை அக்கா. ஏழு நோட்டிலும் டாக்டர் முத்திரை போடுவார், ஏழு பேருக்கும் மாத்திரை போகும். "இன்னும் நாலஞ்சி நாளைக்கி இருக்கும் அதுங்ககிட்ட. அப்புறம் என்னா பண்ணும்?"

ஒருத்தியைக் காட்டிக்கொடுத்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

யாரும் வரவில்லை. கைடு மேடம் போனில்: "பதினாலாவது கேள்விக்கு பதில்கள் அருமையா வருது. மறைக்கறதுதான் நம்ம ஆய்வோட உயிர்." சரிங்க மேடம் என்றேன். கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேன். சனிக்கிழமை ஹோமியோபதிக்கு இனிமேல் போவதில்லை என்று முடிவு. பயம்தான், வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது.

கம்பெனியிலிருந்து ஆட்டோவில் ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். செல்வி. வயது முப்பத்தொன்பது. சூளைக்குப் பக்கத்தில் மயக்கம். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. நர்ஸ் கேட்டாள், "மாத்திரை போடறியா இல்லியா?"

"தீந்து போச்சிங்க."

"வந்து வாங்கிக்க வேண்டியதுதான?"

"அஞ்சலையக்கா இனிமே வராதாம்."

டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாயந்திரம் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தாள். பிழைத்தேன் என்று தோன்றியது எனக்கு. அவள் பிழைத்தாள் என்று அல்ல, நான் பிழைத்தேன் என்று. இதையும் எழுதி வைக்கிறேன்.

அந்த மேஜையில் உட்காரவே உடம்பு கூசுகிறது.

டாக்டர் கெட்டவர் இல்லை. செல்வியின் கட்டிலுக்கு மூன்று தரம் வந்து பார்த்தார்.

ஜூன் 23, திங்கள்

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. வேலிக்குப் பக்கத்து வேப்பமர நிழலில் பெண்கள் தூக்குப்பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கை, முகம், தலைத்துண்டு எல்லாம் வெள்ளைத் தூசு.

அஞ்சலை அக்கா எழுந்து வரவில்லை. உட்கார்ந்தபடியே, "டாக்டரு அனுப்பிச்சாரா மேடம்?"

தங்கச்சி போய்விட்டது. மேடம்.

"இல்லக்கா. நானா வந்தேன். டாக்டர்கிட்ட உங்க நோட்டு நம்பர சொன்னது நான்தான்."

"தெரியுமே. உங்களத் தவிர வேற யாருக்கு தெரியும்?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா, அன்னிக்கி ஆய்வுக்கு வந்தேன்னு சொன்னது பொய். எனக்கு மூலம். அதுக்குத்தான் அங்க மருந்து வாங்கறேன்."

"அதுவும் தெரியும். அத்தினி சேரு காலியா கெடந்துது, நீங்க மட்டும் செவுத்துல சாஞ்சிகிட்டு நின்னீங்க."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"நா யாருகிட்டயாவது சொன்னனா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"அன்னிக்கி அந்த ரூம்புல 'நானுந்தான் சார் சாப்பிடறேன்'னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எனக்கு பாதி மானமாவது திரும்பியிருக்கும். இங்க வந்து மரத்தடியில சொல்றீங்க."

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் அழுதால் அதையும் அவர்தான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

தூக்குப்பாத்திரத்தை மூடிவிட்டு அவராகவே பேசினார். ராத்திரி மாத்திரை போட்டால் விடியற்காலையில் வயிற்றால் போகிறதாம். ஆறேகால் பஸ். கம்பெனியில் பெண்கள் பதினெட்டுப் பேருக்கு ஒரே கக்கூஸ். "பஸ்ஸுல ஒரு நாளு அடக்க முடியாம பூடுச்சி. அன்னியோட வுட்டேன். ஹோமியோபதி டாக்டரு வுடச் சொல்லவே இல்ல. இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்தாதீங்கம்மான்னுதான் அவரு சொன்னாரு."

அப்படியானால் நான் எழுதிய வரி? 'ஹோமியோபதி எடுப்பதால் நிறுத்தியவர்.' ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. உருண்டை சாப்பிடுகிறார், மாத்திரையை நிறுத்தினார்: இரண்டையும் முடிச்சுப் போட்டது நான். அதைத்தான் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"டாக்டர்கிட்ட இத சொல்லுங்கக்கா. வயித்தக் கெடுக்காத மாத்திரையா மாத்தித் தருவாரு."

"இருவது பேருக்கு முன்னாடி பஸ்ஸுல ஆனத சொல்லச் சொல்றீங்களா? அந்த ரூம்புல இனிமே நா வாயத் தொறக்க மாட்டேன்."

"நான் சொல்லவாக்கா?"

"ஐயோ, நீங்க சொன்னது போதும்."

மணி அடித்தது. எழுந்து சேலையைத் தட்டினார். செல்வியையும் மற்றவர்களையும் நினைத்து வியாழக்கிழமை நோட்டுகளோடு வருவதாகச் சொன்னார். எனக்காக இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஜூன் 26, வியாழன்

மேகமூட்டம். புழுக்கம்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தபடி வந்தேன்: சார், நானும் ஹோமியோபதி சாப்பிடறேன், நானும் யார்கிட்டயும் சொல்லல. பக்கத்தில் நின்ற அம்மா ஒரு மாதிரி பார்த்தார். வாய்விட்டே சொல்லியிருப்பேன் போல.

பத்தேகாலுக்கு அஞ்சலை அக்கா. மஞ்சள் பை. என் பக்கம் திரும்பவில்லை. பேர் கூப்பிட்டதும் உள்ளே போனார். நானும் எழுந்து கதவருகில் போய் நின்றேன்.

"என்னம்மா, உருண்டையெல்லாம் விட்டாச்சா?"

"வுட்டுட்டேன் சார்."

"ராத்திரி மாத்திரை?"

"போடறேன் சார்."

"வேற ஏதாவது தொந்தரவு? வயிறு, தலைசுத்தல்?"

அவராகவே கேட்டார். அவர் வாயாலேயே வயிறு என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கேன்."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாம்மா? ஒரு தடவ சத்தம் போட்டா போதும். இதையும் உன் ஆராய்ச்சியில எழுதிக்கோ."

"சார், நான்..."

அக்கா திரும்பினார். லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஏழு நோட்டும் டாக்டருக்கு முன்னால் இருந்தன. ஒன்றில்கூட முத்திரை விழவில்லை. நான் வாயைத் திறந்தால் டாக்டர் பழையபடி ஆரம்பிப்பார், மறுபடி கேட்பார், அக்கா மறுபடி எழுந்து போவார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

முத்திரை ஏழும் விழுந்தது. ஜோசப் அண்ணன் ஏழு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அக்கா அவரிடம் மட்டும் போயிட்டு வரேன் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ராத்திரி மாத்திரையை அவர் போடப் போவதில்லை. இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்.

இரண்டாம் முறை வருகிறவர்களுக்குத் தனிப் படிவம். அக்காவுடையதை நிரப்பினேன். வேறு மருத்துவம்: இல்லை. மாத்திரை: ஒழுங்காக எடுக்கிறார். பக்க விளைவு: இல்லை. கேள்வி 14: பொருந்தாது.

அடியில் அச்சடித்த வரி: மேற்கண்ட தகவல்கள் நான் நேரில் கேட்டறிந்த உண்மைகள்.

கையெழுத்துப் போட்டேன்.