மாற்று ஊரின் வானம்

இன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தபோது வீட்டுக்கு மேலே விமானச் சத்தம் வட்டமடித்தது. திருச்சிப் பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. ஈரமண் வாசம் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. உன் மகள் மாடிக்கு ஓடினாள். நான் திரியைப் பார்த்தபடி, நீ பக்கத்தில் நிற்பதுபோல, அப்படியே நின்றுவிட்டேன்.

விமான நிலைய வேலை முடிந்து திருச்சிப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே என் அடுப்படிக்குத்தான் வருவாய். பெயருக்குத்தான் நாத்தனார், வந்ததும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாய். விமானம் கிளம்புமுன் அதற்கு வழி குறித்துத் தருவது உன் வேலை. மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்தே ஓட்டிப் போகிறவர்களுக்கு, போகிற ஊரில் இறங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று இன்னோர் ஊரையும் நீ குறித்துவைக்க வேண்டும். உலையில் நான் ஒருபிடி அரிசி கூடுதலாகப் போடுவதைப் பார்த்து, "நானும் இதத்தான் மதினி செய்யுறேன், அந்த ஊரு வரைக்கும் சேத்துப் பெட்ரோல் போடச் சொல்றேன்" என்பாய்.

உன் மகளுக்குக் காது குத்த அய்யனார் கோயிலில் நான் பூக்கட்டிப் பார்த்தேன். ஐப்பசியில் ஒரு நாளுக்குச் சம்மதம் என்று வெள்ளைப் பூ வந்தது. சாமி கொடுத்த நாளில் மழை எப்படி வரும்? நீதான் விடவில்லை.

"மழை வந்தா கோயில் வாசல்ல போடுற பந்திய எங்க வைக்கிறது?"

"கண்மாய்க் கரையில கொட்டகை இருக்குல்ல."

"கோயில் வாசல் நனையிற மழையில அங்க முங்கிப் போகும். அது ஒரு மாத்து எடமா?"

"சாமியே உத்தரவு குடுத்துருச்சுடி!"

"நாளுக்குத்தான குடுத்துச்சு? பந்திக்குமா குடுத்துச்சு?"

சிரித்துவிட்டுச் சொன்னாய்: "போற ஊர்ல இறங்க இம்புட்டுத் தெரிஞ்சாப் போதும்னு ஒரு அளவு இருக்கு மதினி. மாத்து ஊருக்கு அது பத்தாது. மேகம் இன்னும் ஒசரத்துல நிக்கணும், கண்ணுக்கு இன்னும் தூரம் தெரியணும். அதுவும் இப்ப இல்ல, அங்க போய்ச் சேருற நேரத்துக்கு."

கீரனூரில் மண்டபம் பேசிவைத்தோம். அன்றைக்குச் சுள்ளென்று வெயில். "எங்கடி ஒன் மழை?" என்று கேலி பண்ணினேன். "தேவப்படாமப் போனா சந்தோசந்தான மதினி" என்றாய்.

பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் மகளின் அப்பா கப்பல் வேலையில் கடல்மேல் இருந்தார். "எம் புள்ளைக்கு மாத்து எடம் நீங்கதான்."

"அப்படியெல்லாம் பேசாத. சாமி இருக்கு."

"நீங்க சாமிய வேண்டிக்கங்க. நான் எடத்தப் பாத்து வச்சுக்கறேன்."

தேவைப்படாமலே போகட்டும் என்றுதான் வேண்டினேன். தேவைப்பட்டது.

விமானச் சத்தம் மெல்லத் தெற்கே நகர்ந்து கரைந்தது. மேலேயிருந்து உன் மகள் கூப்பிட்டாள்: "அத்தே, மதுரைக்குத் திருப்பிட்டாங்க போல. அங்க வானம் நல்லா இருக்கும்ல?"

"இருக்கும்டா. பாத்துத்தான் அனுப்பிருப்பாங்க."

"நீங்களும் மேல வாங்களேன்."

போகுமுன் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டேன். அவள் வந்து சேர்ந்திருக்கிற இடத்தில் மேகம் தாழ நிற்கக் கூடாது அல்லவா.