வாத்துகள் இருக்கும்வரை சம்பளம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஜெபிஷா கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? ஆடுகள் சுகமா? போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த ஒடிசா ஏரியில் வலசை வாத்துகளை எண்ணுகிறேன் அல்லவா, போன வாரம் இடுப்புவரை சேற்றில் புதைந்துவிட்டேன். படகுக்காரர் சிரித்துக்கொண்டே இழுத்துப் போட்டார். ஓடிவந்த வனத்துறை அதிகாரி, "பைனாகுலர் நனையலையே?" என்றார். அவருக்கு வருஷம் முழுக்கச் சம்பளம், ஜீப்பு. எம்.எஸ்சி. படித்த எனக்கு வாத்துகள் இருக்கும்வரைதான்.

இந்த வருஷம் வெயில் முந்திவிட்டது, கூட்டம் கூட்டமாகக் கிளம்புகின்றன. எண்ணிக்கை பாதியானால் எண்ண வந்த எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதை எழுதிக் கொடுப்பதும் நான்தான்.

"கூட்டி எழுதும்மா, யாரு வந்து எண்ணப் போறா?" என்றார் படகுக்காரர். மனசு வரவில்லை. நேற்று உள்ளதையே எழுதினேன். பாதிக்கும் கீழே.

கால் முழுக்க அரிப்பு, வேப்பெண்ணெய் அனுப்புங்கள். இங்கன கடையில் அதை ஒடியாவில் எப்படிக் கேட்பதென்றே தெரியவில்லை. புதியம்புத்தூர் தையல் கம்பெனியில் மிஷின் எதுவும் காலியா என்று சாம்ராஜ் அண்ணாச்சியிடம் கேட்டு வையுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். "வாத்து எண்ணவா படிக்க வச்சே?" என்று சிரித்தவர்களோடு தெருவில் நின்று சண்டை போட்டது அவள்தான்.

படகு வந்துவிட்டது. மிச்சம் இருப்பதையாவது எண்ணிவிட்டு வாரேன்.

ஜெபிஷா