நான் அழித்த வட்டம்

12 ஆகஸ்ட் 1997, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஜீவனஹள்ளியில் பஸ் இல்லை, சிவாஜிநகர் வரை ஆட்டோ. ஆபீஸ் போனதும் செய்தி. நாங்கள் கன்ட்ரோலர் செய்துகொடுத்த தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் போன வாரம் ஒருவருக்கு வலது கையில் நான்கு விரல் போய்விட்டது. ஆபரேட்டர், பெயர் மாதேஷ். கிருஷ்ணகிரிக்காரர், சந்தாபுராவில் வீடு.

13, புதன்

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். மாதேஷ் ஒரு பட்டனைச் சைக்கிள் ட்யூபால் கட்டிவைத்திருந்தாராம்.

மானேஜர்: "நம்ம கம்ப்யூட்டர் மாடல் கரெக்ட். அவன் பண்ணதுதான் தப்பு. ரிப்போர்ட்ல சைன் போடுங்க, அஷ்டே, அவ்வளவுதான்."

போட்டால் மாதேஷுக்கு வேலை போகும்.

14, வியாழன்

மெஷினைச் சோதிக்க நான் கம்ப்யூட்டரில் செய்த மாடலின் முதல் படம் பழைய ஃப்ளாப்பியில் கிடைத்தது. ஒவ்வொரு வட்டமும் மெஷினின் ஒரு நிலை. மெஷின் இப்போது எந்த நிலையில் என்று காட்டும் புள்ளி அம்பு வழியே நகரும். கை உள்ளே இருக்க பிரஸ் இறங்கும் நிலைக்குப் புள்ளி எந்த வழியிலும் போகாது என்று கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதில் ‘பட்டன் அழுந்தியே இருக்கிறது’ என்று ஒரு வட்டம். மே மாதம் அதை அழித்தது நான். அது இருந்தால் வழிகள் பெருகி, மெமரி போதாமல் கம்ப்யூட்டர் நின்றுவிடும். யார் பட்டனை விடாமல் அழுத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். அழித்ததும் ஒரு மணி நேரத்தில் சோதனை முடிந்தது. பிழை இல்லை. எல்லாருக்கும் மைசூர்பாக் வேறு வாங்கிக்கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது.

16, சனி

வாங்க: அரிசி, சோப்பு, அம்மாவுக்கு எழுத இன்லேண்ட் லெட்டர். எதுவும் வாங்கவில்லை. ரிப்போர்ட் பையிலேயே. திங்கள் கொடுக்க வேண்டும்.

17, ஞாயிறு

சந்தாபுரா. சாத்துக்குடி வாங்கிப் போனேன். மாதேஷ் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் மேடம் ட்யூப் கட்டுனேன். அங்க எல்லாருமே கட்டுவோம், இல்லன்னா சொன்ன கணக்குக்கு பீஸ் தேறாது."

பேப்பரில் வரைந்து காட்டினேன். இந்த வட்டத்தை நான் விட்டுவைத்திருந்தால் தப்பு அப்போதே தெரிந்திருக்கும், ஒவ்வொரு முறையும் பட்டனை விட்டு அழுத்தினால்தான் இறங்கும் என்று மாற்றியிருப்போம் என்றேன். அழுதுவிட்டேன். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார்.

மாதேஷ் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது கையால் பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"இத அப்படியே எழுதி, கையெழுத்து போட்டுத் தரீங்களா மேடம்?"

மழை வரும்போல் இருக்கிறது, பஸ் போய்விடும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.