கை தானாகத் தள்ளிய முகங்கள்

என் உயிரான சாமு அண்ணா,

தேஹு ரோட்டில் இந்த மராட்டிய நாட்டு மழை விட்டபாடில்லை. உன் அறை ஜன்னலில் ஒழுகுகிறது. அம்மா அதற்கும் உன்னைத்தான் திட்டுகிறாள், ஆளில்லாத அறையைப் பார்த்து.

நான் இப்போது மூளை ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர். என்ன வேலை தெரியுமா? வருகிறவர்களின் தலையருகே காந்தச் சுருளைப் பிடித்துக்கொண்டு நிற்பது. டக் டக்கென்று அடிக்கும், அவ்வளவுதான். திரையில் முகங்கள் வரும். கைப்பிடியை இழுத்தால் முகம் கிட்டே வரும், தள்ளினால் போய்விடும். மூளையில் ஓரிடத்தைக் காந்தம் சீண்டினால் தள்ளுவது குறைகிறதா என்று பார்க்கிறார்கள். மனிதர் மனிதரை ஏன் தேடுகிறார், ஏன் விலகுகிறார் என்பதுதான் ஆராய்ச்சி. வைத்தியம் இல்லை. இருந்திருந்தால் மட்டும் நீ வந்திருப்பாயா?

வீட்டில் ஜெபக்கூட்டம் என்றால் முதல் பாட்டுக்கு முன்பே நீ பின்வாசல் வழியாகப் போய்விடுவாய். வந்தவர்களிடம் டியூட்டி என்று அம்மா சமாளிப்பாள். எல்லாரோடும் வந்து உட்கார்ந்தால்தான் சாப்பாடு என்பது அவள் சட்டம். நீ பட்டினியாகவே படுப்பாய். பாஸ்டர் உன் பெருமை என்னும் பாவம் நீங்கும்படி ஜெபித்தார். பெருமையாம்! எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

காய்ச்சலில் நீ இறந்துபோனபோது சபை முழுக்க வந்து பெட்டியில் கிடந்த உன் முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்தது. அன்றைக்கு மட்டும் உன்னால் பின்வாசல் வழியாகப் போக முடியவில்லை.

அதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி. "ஏட்டி, அவனுக்கு நம்மளப் பிடிக்காமத்தான் போச்சோ?"



போன வாரம் ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். சிரிக்கிற முகங்களையும் தள்ளினார். முடிந்து எழும்போது, நான் தமிழ் என்று தெரிந்ததாலோ என்னவோ, தானாகவே சொன்னார்: "பிடிக்காம தள்ளலைங்க. கிட்ட வந்தா கை தானா தள்ளிருதுங்க. அப்புறம் ரூமுக்குப் போய் அழுதுட்டுக் கெடப்பனுங்க."

யாரென்று சொல்லாமல் இதை அம்மாவிடம் சொன்னேன். தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "அப்பமே தெரிஞ்சிருந்தா தட்ட அவன் ரூம்லயே கொண்டு வச்சிருப்பேனே" என்றாள். தோசை கருகிவிட்டது.

யாரோ ஒருவர் சொன்னது உனக்கும் பொருந்துமா, அண்ணா? நீதான் சொல்ல வேண்டும். இருந்தபோதே சொல்லாதவன் நீ.

அடுத்த மாதம் உன் வருஷ நினைவு ஜெபம். பாஸ்டர் என்ன நினைத்தாலும் சரி, யாரையும் அழைக்கப் போவதில்லை. நானும் அம்மாவும் மட்டும் மெதுவாகப் பாடுவோம். உன் தட்டை உன் அறையிலேயே வைப்போம். கதவைத் தட்டமாட்டோம்.

என்றும் உன் தங்கச்சி,
எஸ்தர்