ஊதையூர்ப் பேற்றில்லத்தின் வடசுவர்

வளம் பெருகுக. ஒன்பது மலைக்கும் அவற்றின் ஊற்றுகளுக்கும் உரிமையுடையவரும், பனிவாயில் காத்த செங்கோடரின் தேவியாரும், அவருக்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குளிர்வரை நாட்டைத் தாங்கி வருபவருமாகிய பெருந்தேவி அவனிநங்கையார், வடவாயில் மண்டலத்தைக் காக்கும்படி நம்மால் அமர்த்தப்பட்ட வில்லவராயருக்கு விடுக்கும் ஓலை. உமது மண்டலத்து மலைகள் மழை பெறுக, மந்தைகள் பெருகுக, ஊதையூர் மக்கள் நோயின்றி இருக்க. உமது நலம் கேட்கும் மனநிலையில் நாம் இல்லை.

இவ்வோலை ஊதையூர்ப் பேற்றில்லத்து முற்றத்தில், பகல் வெளிச்சத்தில், ஊரார் கூடியிருக்க உரக்க வாசிக்கப்படுவதாக. நிறைமாதப் பெண்கள் வெயில் படும் பக்கமாக அமர்ந்து கேட்கட்டும். கைக்குழந்தை அழுதால் வாசிப்பவர் நிறுத்திக் காத்திருக்கட்டும். வில்லவராயர் மட்டும் நின்று கேட்க வேண்டும். அருகில் வாருங்கள், மக்களே. உங்களுக்கு ஒரு கதை சொல்கிறோம். நீரும் அருகில் வாரும், வில்லவராயரே, கதை உம்முடையது.

நம் மலையில் வீடு கட்டக் கல்லைத் தவிர வேறில்லை. கல் காற்றைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. அடுப்பு அணைந்த சிறிது நேரத்தில் வீட்டின் சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடும். ஆகையால் நம் முன்னோர் தக்கை மரத்தின் பட்டையை உரித்து, வேகவைத்து, பாரம் ஏற்றிப் பலகையாக்கி, ஒரு சாண் கனத்துக்குச் சுவரின் உட்புறம் பதித்தார்கள். அப்பட்டையின் உடலெங்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றறைகள். அவற்றுள் காற்று அடைபட்டுக் கிடப்பதால் உள்ளே இருக்கும் வெதுவெதுப்பு வெளியே போவதில்லை. கோடையில் வெளியே இருக்கும் வெப்பம் உள்ளே வருவதுமில்லை. மரமும் சாவதில்லை. ஒன்பது ஆண்டு பொறுத்தால் மறுபடி தரும். உரித்த ஆண்டை மரத்தின் மேலேயே சுண்ணாம்பால் எழுதிவைப்பதும், ஒரு மரம் முதன்முதல் தரும் கரடுமுரடான பட்டையைப் பேற்றில்லத்துச் சுவருக்குக் கொடுப்பதும் உமது மண்டலத்து வழக்கம். நீர் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.

நீர் கூத்தரங்கம் ஒன்று கட்டினீர். அதில் குற்றமில்லை; மக்கள் பாட்டுக் கேட்பது நமக்கும் பிடிக்கும். ஆனால் அரங்கின் சுவருக்குத் தக்கை வேண்டுமென்று, உரித்து நான்கே ஆண்டான மரங்களை மறுபடி உரிக்கச் சொன்னீர். பட்டை உரிப்போர் தலைவன் கொற்றன் மரத்தில் இருந்த எழுத்தைக் காட்டி, ‘இன்னும் அஞ்சு வருசம் கெடக்கு, சாமி’ என்றதற்கு, எழுத்தை அழித்துவிட்டு உரி என்றீராம். பட்டை விரற்கனமும் தேறவில்லை. கோடரி உள்தோலில் இறங்கி, நாற்பத்தொரு மரங்கள் பட்டுப்போயின. அதன் பிறகாவது நிறுத்தினீரா? பேற்றில்லத்து வடசுவரைப் பெயர்க்க ஆளனுப்பினீர். மருத்துவச்சி கோதை வாசலை மறித்து, ‘ஏழு பேர் மாசமா இருக்காக. செவுத்த உரிச்சுட்டா எங்க போய்ப் பெறுவாக, உங்க ராயர் அரங்கத்துலயா?’ என்று கேட்டாள். உமது ஆட்கள் அவளைத் தள்ளிவிட்டுப் பலகைகளைச் சுமந்து போனார்கள்.

இனித்தான் உமது அறிவின் ஆழம். தக்கைப் பலகையை மரமுளையால் பதிக்க வேண்டும் என்பது ஊதையூரில் அடுப்பூதும் பெண்ணுக்கும் தெரியும். முளை செதுக்க உமக்குப் பொறுமையில்லை. முழநீள இரும்பாணிகளை அடித்தீர். கல்லின் குளிரை இரும்பு தன் தலை வரைக்கும் இழுத்து வந்தது. முதற்கூத்தன்று அரங்கம் நிறைந்து மூச்சின் ஈரம் ஏறியதும், ஆணித்தலை ஒவ்வொன்றும் வியர்த்துச் சொட்டியது. விருந்தினர் பட்டும் உமது தலைப்பாகையும் நனைந்தன. பின்வரிசையிலிருந்து எவனோ, ‘கூத்து நல்லாத்தான் இருக்கு, செவுரே அழுவுது பாரு’ என்றானாம்; அரங்கமே சிரித்ததாம். சிரித்தவர்களைப் பிடிக்க முடியாமல், சூனியம் வைத்தாள் என்று கோதையைப் பிடித்துச் சிறையில் இட்டீர். ‘ஆணி அடிச்ச கையக் கேளுங்கய்யா, என் வாயில என்ன இருக்கு’ என்று அவள் விசாரணையில் சொன்னது நமக்கு எழுதப்பட்டிருக்கிறது. அதைவிடத் தெளிவாக நமது அமைச்சரவையில் எவரும் பேசி நாம் கேட்டதில்லை.

விளக்கம் கேட்டோம். கற்சுவரே போதும் என்றும், பாய் தொங்கவிட்டிருப்பதாகவும், மலைப்பெண்கள் குளிருக்குப் பழகியவர்கள் என்றும் பதில் எழுதினீர். பெண்கள் பழகியிருக்கலாம். பிறந்து ஒரு நாழிகை ஆன குழந்தை எதற்குப் பழகியிருக்கும்? நம் தூதர் அந்த வெறுஞ்சுவரில் உள்ளங்கையை வைத்து, இருபது எண்ணுவதற்குள் விரல் மரத்துப்போயிற்று என்கிறார். உறைபனிக்கு இன்னும் பதினெட்டு நாள். ஏழு பெண்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நீரோ அரங்கத்துக்குப் புதுத்திரை தைக்க ஆள் தேடுகிறீர்.

ஆகவே ஆணையிடுகிறோம். சிறைக்கதவை நீரே திறந்து கோதையை அழைத்து வர வேண்டும். வழியில் அவள் என்ன சொன்னாலும் வாய் திறவாமல் கேட்டு வர வேண்டும். அரங்கத்து ஆணிகளை உமது கையால் பிடுங்க வேண்டும். ஆணி போன துளைகளைத் தக்கைத்தூளும் பிசினும் குழைத்து அடைத்து, கொற்றன் சொல்கிறபடி மரமுளையிட்டு, பலகைகளை வடசுவரில் பதிக்க வேண்டும். கோதை கைவைத்துப் பார்த்துப் போதும் என்று சொன்னால்தான் வேலை முடிந்ததாகும். நீர் சொன்னால் அன்று.

சுவர் முடியுமுன் ஒருத்திக்கு வலி கண்டால், உமது பள்ளியறை நாற்புறமும் நல்ல தக்கை பதித்தது என்று அறிவோம், அதுவே பேற்றில்லம். நீர் உரித்த அரங்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாய் தொங்கவிட்டுக்கொள்ளத் தடையில்லை.

மலைமுத்திரை இட்டோம். மறுத்தால் அடுத்து வருவது ஓலையாக இராது.

உமது இல்லத்தார்மேல் நமக்குச் சினமில்லை. அவ்வீட்டில் பிறக்கும் பிள்ளை எவளுடையதாயினும், அதன் முதல் அழுகை உமது கூரையை நிறைக்கட்டும். அதைக் கையேந்தி வாங்கும் உமது மனைவியார் நீடு வாழ்க. அவ்வறையின் வெதுவெதுப்பு என்றும் குறையாதிருக்க.