குமிழைத் திருப்பிய கைகள்

நாரின்,
ஜனவரி 19.

என் கண்ணான மகள் பெர்மெத்துக்கு, அப்பா இசாபெக் நலம் வேண்டி எழுதுவது.

போனில் பேசக் குரல் வரவில்லை. இதை எழுதி, செவிலிப் பெண்ணிடம் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். நீ பதறாமலிருக்க வரிசைப்படுத்துகிறேன்:

1. அம்மா இப்போது இருக்கும் நிலை.
2. அது எப்படி நேர்ந்தது.
3. நீ மாஸ்கோவிலிருந்து வர வேண்டியதில்லை என்பது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். முகத்தில் இறுக்கமாக ஒரு மூடி. அதன் வழியே இயந்திரம் காற்றைத் தள்ளுகிறது. இன்று காலை கண் திறந்தாள்.

வியாழனன்று சாலகான் பெரியம்மா உறவினர்களோடு நலம் விசாரிக்க வந்தார். நீ அனுப்பிய ஆக்சிஜன் இயந்திரத்தின் குமிழ், நீ சொன்னபடி ஒன்றில்தான் இருந்தது. பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன வாத்தியாரே, காத்தைக்கூடவா அளந்து குடுப்பீங்க? எந்தங்கச்சி மூச்சுக்குத் தவிக்கிறா!" என்று திருப்பிவிட்டார். அடுத்து வந்தவர்களும் தம் பங்குக்கு அன்பாக இன்னும் கொஞ்சம் திருப்பினார்கள். விருந்தாளியின் கையைத் தடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. எனக்குத் தைரியமும் இல்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் கன்னம் சிவந்தது. கைகள் கதகதப்பாயின. இருமலின்றித் தூங்கினாள். "பாருங்க, புதுப்பொண்ணு மாதிரி இருக்கா" என்று பெரியம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். மாலையில் எழுப்பியபோது, தலை வலிக்கிறதென்று குழறினாள். கிண்ணத்தை வாங்க நீட்டிய கை மணிக்கட்டில் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்போதுதான் பயந்தேன்.

நெடுநாள் நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆக்சிஜன் மிகுந்தால், கரியமிலவாயு வெளியேறாமல் தங்கி ரத்தத்தில் அமிலம் கூடிவிடுமாம். அந்தச் சிவப்பும் தூக்கமும் அதன் அடையாளங்கள் என்றார் டாக்டர். வகுப்பில் குழாயால் தண்ணீரில் ஊதி, நீல லிட்மஸ் சிவப்பதை எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன்! வீட்டில் சிவப்பைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

பெரியம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து, "எங்கையை வெட்டிப் போடுங்கடா" என்று அழுகிறார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. குமிழுக்கு மிக அருகில் இருந்தவன் நான்.

மூன்றாவதற்கு வருகிறேன். கணவாயில் பனி, உனக்கு விடுப்புக் கிடைப்பதும் கடினம். இதையெல்லாம் விரிவாக எழுதவே நினைத்திருந்தேன். ஆனால் மூடியைச் சற்று நகர்த்தியதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "பெர்மெத் வந்துட்டாளா?" வழியில் இருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன்.

அந்த மூன்றாவது வரி தவறு, மகளே. உன் முகத்தைப் பார்க்கப் பயந்து எழுதியது. வந்துவிடு. வரும் வழியெல்லாம் உனக்குத் திறந்திருக்கட்டும்.

உன் அப்பா
இசாபெக்